மடங்கும் கணுக்கால்: விளையாடுபவரின் இயலாமையை அவர் சொல்லிலிருந்தே அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"எப்படிம்மா இருக்கு கால்?"

"நல்லாத்தான் இருக்கு சார்."

கல்லூரி அணியில் வாலிபால் ஆடும் பத்தொன்பது வயதுப் பெண். நடக்கிறார், படி ஏறி இறங்குகிறார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் நிற்கிறார். வீக்கம் இல்லை. கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தால் வலது கணுக்காலில் லேசான தளர்ச்சி மட்டும் தெரிகிறது. இத்தோடு நிறுத்திக்கொண்டால் "பரவாயில்லை, பயிற்சியைத் தொடரட்டும்" என்று எழுதி அனுப்பிவிடுவோம். ஆனால் வலையருகே தாவி எதிரணியின் பந்தைத் தடுக்கும் பிளாக்கைப் பற்றி இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பாருங்கள்: "பிளாக்குக்குத் தாவிட்டு எந்தக் காலில் இறங்குறே?" கொஞ்சம் யோசிப்பார். "இப்பல்லாம் இடது கால்லதான் சார். வலது காலை நம்ப முடியல."

இவர் ஒரே ஒருவர் அல்ல. நான் பார்த்த பலரைச் சேர்த்து வரைந்த உருவம். இந்த வழிகாட்டி முழுக்க இவரையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். இயன்முறை மருத்துவ மாணவர்கள், அணிகளோடு பணிபுரியும் பிசியோக்கள், இந்தத் துறையில் ஆய்வு செய்ய நினைப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். நாள்பட்ட கணுக்கால் நிலையின்மை, அதாவது சுளுக்கு ஆறி நெடுநாள் ஆன பிறகும் கணுக்கால் மடங்குவதும் நிலையற்றதாக உணர்வதும் தொடர்வது, உள்ளவர்களில் சுறுசுறுப்பாக இயங்குபவர்களை அளப்பதுதான் கடினம். அவர்கள் இயலாமையை மறைப்பதில்லை, அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். வலது கால் பிடிக்கவில்லையா, இடது காலில் இறங்குவார்கள். மேடு பள்ளமான மைதானமா, ஓரமாக ஓடுவார்கள். சில மாதங்களில் அதுவே பழகிப்போய்விடும். பிறகு "கஷ்டமா இருக்கா?" என்று கேட்டால் உண்மையாகவே "இல்லை" என்பார்கள். அந்த "இல்லை"க்குள் இருப்பதை வெளியே எடுத்து எண்ணாக மாற்றுவதுதான் நம் வேலை.

முதலில் ஒரு வேறுபாடு: பிரச்சினை இருக்கிறதா, எவ்வளவு பாதிக்கிறது?

பலர் தடுமாறும் இடம் இது. கணுக்காலுக்கான கேள்வித்தாள்கள் இரண்டு வகை. ஒன்று, "இவருக்கு நிலையின்மை உண்டா?" என்று அடையாளம் காண்பது. மற்றொன்று, "அதனால் இவர் வாழ்க்கையும் விளையாட்டும் எவ்வளவு குறைந்திருக்கின்றன?" என்று அளப்பது. முதல் வகையை வைத்து இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுதிய ஆய்வேடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கணுக்கால் மடங்கும் உணர்வு ஒருவருக்கு அதிகமாக இருந்தும் வாழ்க்கையில் அவர் இழந்தது கொஞ்சமாக இருக்கலாம். இன்னொருவருக்கு மாதம் ஒருமுறைதான் மடங்கும், ஆனால் அந்தப் பயத்திலேயே ஆட்டத்தை விட்டிருப்பார். இருவரையும் ஒரே கோலால் அளக்க முடியாது.

முதல் படி: அளக்கும் முன் யாரை அளக்கிறோம் என்று உறுதி செய்வது

சர்வதேச கணுக்கால் கூட்டமைப்பு 2013-இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கைதான் இன்றும் பெரும்பாலோர் பின்பற்றும் அளவுகோல். அதன் சாரம் இது. குறைந்தது ஒரு பெரிய சுளுக்காவது ஏற்பட்டிருக்க வேண்டும். அந்த முதல் சுளுக்கு நடந்து 12 மாதமாவது கடந்திருக்க வேண்டும். அப்போது வலியும் வீக்கமும் இருந்து, ஒரு நாளாவது வழக்கமான உடற்செயல்பாடு தடைப்பட்டிருக்க வேண்டும். கடைசியாக அடிபட்டு 3 மாதத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். இவற்றோடு, கால் திடீரென மடங்குவது, திரும்பத் திரும்பச் சுளுக்குவது, நிலையாக இல்லை என்ற உணர்வு ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். மடங்குவது என்றால் கடந்த 6 மாதத்தில் 2 முறையாவது. திரும்பச் சுளுக்குவது என்றால் அதே கணுக்காலில் 2 அல்லது அதற்கு மேல். காலின் எலும்பிலோ மூட்டிலோ முன்பு அறுவை சிகிச்சை நடந்திருந்தாலும், எலும்பு முறிந்து நேராக்க வேண்டியிருந்தாலும், கடந்த 3 மாதத்தில் காலின் வேறு மூட்டில் அடிபட்டிருந்தாலும் ஆய்வில் சேர்ப்பதில்லை.

தாளில் படிக்கும்போது எளிதாகத் தெரியும். தமிழில் கேட்கும்போதுதான் சிக்கல் வரும். "எத்தனை தடவை சுளுக்கு வந்தது?" என்றால் கழுத்துப் பிடிப்பையும் இடுப்புப் பிடிப்பையும் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு, நம் பேச்சில் அதற்கும் சுளுக்கு என்றுதான் பெயர். கணுக்காலைத் தொட்டுக் காட்டி, "இந்த இடத்துல கால் பிசகி வீங்கினது எத்தனை தடவை?" என்று கேளுங்கள். திடீரென மடங்குவதைத் தனியாகக் கேட்க வேண்டும்: "வீக்கம் எதுவும் வராம, நடக்கும்போதோ ஓடும்போதோ கால் திடீர்னு உள்பக்கமா மடிஞ்சு, நீங்க சுதாரிச்சுக்கிட்டது உண்டா?" ஒவ்வொரு ஊரிலும் இதற்கு ஒவ்வொரு சொல். மடிஞ்சிடுச்சு, பிசகிடுச்சு, பெரண்டுடுச்சு என்று பலவிதமாகச் சொல்வார்கள். அவர் எந்தச் சொல்லைச் சொல்கிறாரோ அதையே எடுத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

தேதியும் அப்படித்தான். முதல் சுளுக்குக்கு நம் ஊரில் பெரும்பாலும் மருத்துவச் சீட்டு இருக்காது. வீட்டில் எண்ணெய் போட்டு நீவி விட்டிருப்பார்கள், நாலு நாளில் மைதானத்துக்குத் திரும்பியிருப்பார்கள். "எந்த மாசம்?" என்றால் நினைவு வராது. "பொங்கல் போட்டிக்கு முன்னாடியா, பின்னாடியா? அப்ப நீ பத்தாவதா, பதினொண்ணாவதா?" என்றால் வந்துவிடும். 12 மாதம், 3 மாதம், 6 மாதம் என்று மூன்று கால எல்லைகள் இருப்பதால், இந்தக் கேள்விகளுக்குப் பத்து நிமிடம் செலவழித்தாலும் தகும்.

இரண்டாம் படி: நிலையின்மையை உறுதிப்படுத்தும் கேள்வித்தாள்

கூட்டமைப்பு மூன்றைப் பரிந்துரைக்கிறது. அவற்றில் ஏதாவது ஒன்று போதும்.

அதிகம் புழங்குவது கம்பர்லேண்ட் கணுக்கால் கேள்வித்தாள், சுருக்கமாகக் கெய்ட். 2006-இல் வந்தது. 9 கேள்வி, மொத்தம் 30 மதிப்பெண், குறையக் குறைய நிலையின்மை அதிகம். வலி எப்போது, சட்டென்று திரும்பும்போது எப்படி, படி இறங்கும்போது எப்படி, ஒற்றைக் காலில் நிற்கும்போது எப்படி, மடங்கத் தொடங்கினால் நிறுத்த முடிகிறதா, மடங்கிய பிறகு எவ்வளவு நேரத்தில் சரியாகிறது என்றெல்லாம் போகும். ஒவ்வொரு கேள்விக்கும் வலது, இடது என்று தனித்தனிக் கட்டம் உண்டு. எல்லாக் கேள்விக்கும் ஒரே மதிப்பெண் இல்லை என்பதைக் கவனியுங்கள். வலிக்கான முதல் கேள்விக்கு 5 வரை உண்டு, ஒற்றைக் காலில் நிற்பதற்கு 2 தான். எந்தப் பதிலுக்கு எத்தனை என்ற மதிப்பெண் அட்டவணையை நிரப்புபவர் கண்ணில் காட்டாதீர்கள்.

எந்த மதிப்பெண்ணிலிருந்து நிலையின்மை என்று கொள்வது என்ற வெட்டுப்புள்ளியில் ஒரு குழப்பம் இருக்கிறது. உருவாக்கியவர்கள் முதலில் சொன்னது 27 அல்லது அதற்குக் கீழ். கூட்டமைப்பு ஏற்றது 24 அல்லது அதற்குக் கீழ். 2014-இல் மறுபடி அளந்து பார்த்த இன்னோர் ஆய்வு 25 என்றது. ஆக 25 முதல் 27 வரை வாங்குபவர், நீங்கள் எந்த வெட்டுப்புள்ளியை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து நோயாளி ஆவார் அல்லது ஆகமாட்டார். ஆய்வென்றால் எதைப் பயன்படுத்தினீர்கள் என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். சிகிச்சையென்றால், 26 வாங்கியவரை வெறும் எண்ணை வைத்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

இரண்டாவது ஐடிஃபை எனப்படும் கேள்வித்தாள், 2012-இல் வந்தது. 10 கேள்வி, 0 முதல் 37 வரை. இங்கே திசை தலைகீழ்: 11 அல்லது அதற்கு மேல் என்றால் நிலையின்மை. 'மடங்குதல்' என்றால் என்ன என்ற விளக்கத்தைத் தாளின் தொடக்கத்திலேயே கொடுத்திருப்பது இதன் பெரிய பலம். மூன்றாவது ஆங்கிள் இன்ஸ்டபிலிட்டி இன்ஸ்ட்ருமென்ட். ஆம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்விகள். குறைந்தது 5 கேள்விக்கு ஆம் என்று பதில் வர வேண்டும், சுளுக்கு ஏற்பட்டதா என்ற முதல் கேள்வி அந்த ஐந்தில் ஒன்றாக இருக்க வேண்டும்.

நம் வாலிபால் வீராங்கனை கெய்ட்டில் வலது 18, இடது 28. சரி, நிலையின்மை உறுதி. எவ்வளவு பாதிப்பு என்பது இன்னும் தெரியவில்லை.

மூன்றாம் படி: இயலாமையை அளப்பது

இங்கே என் முதல் தேர்வு ஃபாம். ஃபுட் அண்ட் ஆங்கிள் அபிலிட்டி மெஷர் என்பதன் சுருக்கம். 2005-இல் வெளியானது. இதற்கு முன் ஃபாடி என்றொரு கேள்வித்தாள் இருந்தது: 26 கேள்வியும் விளையாட்டுக்குத் தனியாக 8 கேள்வியும். அதிலிருந்து வலி பற்றிய 4 கேள்வியையும் தூக்கம் பற்றிய ஒன்றையும் எடுத்துவிட்டு ஃபாமை உருவாக்கினார்கள். இப்போது அன்றாட வாழ்க்கைப் பகுதியில் 21 கேள்வி, விளையாட்டுப் பகுதியில் 8 கேள்வி. நாள்பட்ட நிலையின்மை உள்ள கல்லூரி விளையாட்டு வீரர்களையும் நல்ல கணுக்கால் உள்ள வீரர்களையும் இது பிரித்துக் காட்டுகிறது என்று 2008-இல் 30 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது.

விளையாட்டுப் பகுதியின் எட்டுக் கேள்விகள் இவற்றைக் கேட்கின்றன: ஓடுவது, தாவுவது, தரையில் இறங்குவது, சட்டென்று கிளம்பி நிற்பது, பக்கவாட்டில் வெட்டித் திரும்புவது, அதிர்வு குறைந்த பயிற்சிகள், வழக்கமான நுட்பத்தோடு ஆட முடிவது, விரும்பும் ஆட்டத்தை விரும்பும் நேரம் வரை ஆட முடிவது. கடைசி இரண்டும் பொன்னான கேள்விகள். இடது காலில் இறங்கப் பழகிய பெண் 'தரையில் இறங்குவது' என்ற கேள்விக்குச் 'சிரமம் இல்லை' என்று குறிக்கக்கூடும். 'வழக்கமான நுட்பத்தோடு' என்ற கேள்வியில் மாட்டிக்கொள்வார். அவர் சுற்றிக்கொண்டு போகும் பாதை அங்கேதான் பதிவாகிறது.

மதிப்பெண் கணக்கு இப்படி. ஒவ்வொரு கேள்விக்கும் சிரமமே இல்லை என்றால் 4, கொஞ்சம் சிரமம் 3, ஓரளவு 2, மிகுந்த சிரமம் 1, செய்யவே முடியவில்லை என்றால் 0. பொருந்தாது என்ற கட்டமும் உண்டு. பொருந்தாது என்பதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மீதியுள்ள கேள்விகளை 4-ஆல் பெருக்கினால் வருவது அதிகபட்ச மதிப்பெண். பெற்ற மொத்தத்தை அதனால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். அன்றாடப் பகுதியில் 19 கேள்விக்காவது, விளையாட்டுப் பகுதியில் 7 கேள்விக்காவது பதில் இருந்தால்தான் மதிப்பெண் செல்லும்.

நம் வீராங்கனை அன்றாடப் பகுதியில் ஒரு கேள்விக்குப் பொருந்தாது என்றார். மீதி 20 கேள்வி, அதிகபட்சம் 80, பெற்றது 75. ஆக 93.8 சதவீதம். விளையாட்டுப் பகுதியில் 32-க்கு 21, அதாவது 65.6 சதவீதம்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "நல்லாத்தான் இருக்கு சார்" என்று அவர் சொன்னது 93.8. "வலது காலை நம்ப முடியல" என்றது 65.6. இரண்டும் உண்மை. ஓடியாடுபவர்களிடம் அன்றாடப் பகுதியை மட்டும் அளந்து நிறுத்துவது, என் கருத்தில், அளக்காமல் விடுவதைவிடத் தீங்கு. கையில் ஒரு நல்ல எண் இருப்பதால் மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள்.

கூட்டமைப்பின் அறிக்கை அன்றாடப் பகுதிக்கு 90 சதவீதத்துக்குக் கீழ், விளையாட்டுப் பகுதிக்கு 80 சதவீதத்துக்குக் கீழ் என்று எல்லைகள் கொடுத்திருக்கிறது. பலரும் இவற்றை நிலையின்மையைக் கண்டுபிடிக்கும் எல்லைகளாக எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. ஃபாம் போன்ற செயல்திறன் கேள்வித்தாள், ஆய்வில் சேர்த்த குழுவின் இயலாமை எந்த அளவில் இருக்கிறது என்று விவரிப்பதற்குத்தான். ஆய்வுக் கேள்விக்கே அது முக்கியம் என்றால் மட்டும் சேர்க்கும் நிபந்தனையாக வைக்க வேண்டும். நம் வீராங்கனையை 90 என்ற எல்லையை வைத்துத் தள்ளியிருந்தால், நாம் தேடிக்கொண்டிருந்த ஆளையே ஆய்விலிருந்து வெளியே அனுப்பியிருப்போம்.

நேரம் குறைவாக இருக்கும் அணிகளுக்கு ஃபாமிலிருந்தே சுருக்கி எடுத்த 12 கேள்வி வடிவமும் உண்டு, குயிக் ஃபாம் என்பார்கள். பாதத்துக்கும் கணுக்காலுக்குமான 42 கேள்வி கொண்ட ஃபாஸ், கால் முழுவதற்குமான 20 கேள்வி லெஃப்ஸ் ஆகியவையும் இருக்கின்றன. பயன்படுத்தலாம், ஆனால் ஓடியாடும் ஒருவரின் கணுக்காலுக்கு லெஃப்ஸ் அளவுக்கு மீறிப் பொதுவானது.

நான்காம் படி: கணுக்காலைத் தாண்டி ஆளை அளப்பது

கணுக்கால் கேள்வித்தாள்கள் கேட்காத ஒன்று உண்டு. அணியில் இடம் போய்விடுமோ என்ற பதற்றம், வீட்டில் எரிந்து விழுவது, சோர்வு. இதற்கென்றே சுறுசுறுப்பானவர்களை மனதில் வைத்து 2010-இல் வெளியான கேள்வித்தாள் டி.பி.ஏ அளவுகோல், டிஸேபிள்மென்ட் இன் தி பிசிகலி ஆக்டிவ் என்பதன் சுருக்கம். 16 வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. மொத்தத்திலிருந்து 16-ஐக் கழிக்க வேண்டும், அப்போது 0 முதல் 64 வரை வரும். கூடினால் இயலாமை அதிகம். கழிக்க மறந்து எழுதுவது வழக்கமான பிழை, ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

பின்னர் இதை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். உடல் சார்ந்த 12 வாக்கியம் 0 முதல் 48 வரை, மனம் சார்ந்த 4 வாக்கியம் 0 முதல் 16 வரை. நான் பிரித்துப் பார்க்கவே சொல்வேன். மொத்தம் 20 என்றிருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு மனப் பகுதி 1, இன்னொருவருக்கு 9 என்றால், இரண்டாமவருக்குச் சமநிலைப் பலகைப் பயிற்சி மட்டும் கொடுத்து அனுப்புவது போதாது.

அசைந்தால் மறுபடி அடிபடுமோ என்ற பயத்தை அளக்க டாம்பா அளவுகோல் இருக்கிறது. 17 கேள்வி வடிவத்தில் 4, 8, 12, 16 ஆகிய கேள்விகளைத் தலைகீழாக மாற்றிக் கூட்ட வேண்டும். 11 கேள்வி வடிவத்தில் அந்தத் தொல்லை இல்லை, 11 முதல் 44 வரை வரும். பொதுவாக 11 கேள்வி வடிவமே போதும். ஒன்று மட்டும்: இவை முதலில் வலி உள்ளவர்களுக்காக எழுதப்பட்டவை. கணுக்கால் மடங்குபவரின் பயம் பெரும்பாலும் வலியைப் பற்றியது அல்ல, மறுபடி மடங்குவதைப் பற்றியது. "வலி வரும்னு பயமா, மடங்கும்னு பயமா?" என்று வாயால் கேட்டு ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் எத்தனை தாள் கொடுப்பது? கெய்ட், ஃபாமின் இரண்டு பகுதிகள், டி.பி.ஏ, டாம்பா 11. கூட்டினால் 65 கேள்வி. இதற்கு மேல் கொடுத்தால் கடைசிப் பக்கத்தில் ஒரே நேர்க்கோட்டில் வட்டமிட்டுக் கொடுப்பார்கள். அப்படி வந்த தாளை நம்ப முடியாது.

ஐந்தாம் படி: தாளைக் கொடுக்கும் விதம்

எந்தக் கேள்வித்தாளும் அது நிரப்பப்படும் சூழ்நிலையைவிட நல்லதாக இருக்க முடியாது.

பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கக் கூடாது. அணித் தேர்வு நடக்கும் வாரத்தில் அளக்கவும் கூடாது. தேர்வுக்கு முன் எல்லார் காலும் நன்றாக இருக்கும், தேர்வில் விட்டுப்போனவர் காலுக்கு மறுநாளே வலி வரும். யாரையும் குறை சொல்லவில்லை, இது மனித இயல்பு. தாளைக் கொடுக்கும்போது, "இதை வெச்சு உன்னை அணியிலருந்து எடுக்கப் போறதில்லை, உன் கோச் இதைப் பார்க்கமாட்டார்" என்று சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

ஃபாம் கடந்த ஒரு வாரத்தைப் பற்றிக் கேட்கிறது. அந்த வாரம் தேர்வு விடுமுறை, ஆட்டமே இல்லை என்றால்? தாவாதவருக்குத் தாவுவதில் சிரமம் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட வாரத்தில் விளையாட்டுப் பகுதியின் எண் உயர்ந்துதான் நிற்கும். அதனால் ஒவ்வொரு தாளின் மேலும் அந்த வாரம் எத்தனை மணி நேரம் விளையாடினார், பயிற்சியா போட்டியா, எந்தத் தரை, டேப் ஒட்டினாரா, கணுக்கால் உறை போட்டாரா என்று ஒரு வரி எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து இரண்டு எண்களை ஒப்பிடும்போது இந்த ஒரு வரிதான் கைகொடுக்கும். மண் தரையில் வெறுங்காலில் கபடி ஆடிய வாரத்தையும், பாய் விரித்த தளத்தில் ஷூ போட்டு ஆடிய வாரத்தையும் எண்ணால் மட்டும் ஒப்பிட முடியாது.

பொருந்தாது என்ற கட்டத்தைப் பலர் 'தெரியாது' என்ற பொருளில் குறிக்கிறார்கள். அதன் பொருள் வேறு. பாதமோ கணுக்காலோ அல்லாமல் வேறு காரணத்தால் அந்தச் செயல் தடைப்பட்டால் அதைக் குறிக்க வேண்டும். முழங்கால் வலியால் குந்தி உட்கார முடியவில்லை என்றால் பொருந்தாது. கணுக்கால் பயத்தால் ஓடுவதையே விட்டுவிட்டார் என்றால் அது பொருந்தாது அல்ல, 0. எந்தத் தாளையும் வாங்கியவுடன் இந்தக் கட்டங்களை மட்டும் பார்த்து, "இதை ஏம்மா குறிச்சே?" என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டு காலிலும் பிரச்சினை இருந்தால் ஃபாமைக் காலுக்கு ஒன்றாக இரண்டு தாள் கொடுங்கள். எந்தக் கால் என்று தாளின் மேலே பெரிதாக எழுதுங்கள்.

அவர் கேட்டால் ஒழியக் கேள்வியை விளக்காதீர்கள். விளக்க நேர்ந்தால் எல்லாருக்கும் ஒரே சொற்களில் விளக்குங்கள். "பக்கவாட்டுல வெட்டித் திரும்புறதுன்னா, கஷ்டமா இருக்கும்ல?" என்று கேட்டால் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள் என்று பொருள்.

ஆறாம் படி: தமிழில் கேட்பது

ஆங்கிலத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே மொழிபெயர்த்துச் சொல்வதுதான் நம் வெளிநோயாளிப் பிரிவுகளில் அதிகம் நடக்கிறது. ஒரே கேள்வி காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி கேட்கப்படும். அப்படி வரும் எண்ணை முந்தைய எண்ணோடு ஒப்பிட முடியாது. முறைப்படி மொழிபெயர்த்துச் சோதித்த தமிழ்த் தாள் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். உங்களிடம் இல்லையென்றால், ஆய்வுக்கு இறங்கும் முன் அதைச் செய்வதே ஒரு நல்ல முதுநிலை ஆய்வு.

கேள்வித்தாள்களை மொழிபெயர்க்க, 2000-ஆம் ஆண்டு வெளியான வழிமுறையை உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். உருவாக்கியவர்களிடம் அனுமதி வாங்கிய பிறகு, இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும். ஒருவர் துறை அறிந்தவர், மற்றவர் இந்தத் துறையே தெரியாதவர். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத இரண்டு பேர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். பிறகு குழுவாக உட்கார்ந்து வேறுபாடுகளைத் தீர்க்க வேண்டும். 30 முதல் 40 பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று கேட்க வேண்டும்.

அந்தக் கடைசிக் கட்டத்தை அவசரப்படுத்தாதீர்கள். ஃபாமில் 'ஷூ இல்லாமல் சமதரையில் நடப்பது' என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஷூ போட்டே பழகிய ஊரில் அது ஒரு தனிச் சவால். வீட்டுக்குள்ளும் கோயிலிலும் வெறுங்காலில் நடக்கும் நமக்கு அதுதான் இயல்பான நடை. 'குந்துவது' என்றால் பாதி மடக்கி எழுவதை நினைப்பவரும் உண்டு, குதிகால் தரையில் பட முழுதாகக் குந்துவதை நினைப்பவரும் உண்டு. கணுக்கால் முழுதாக மடங்க வேண்டியது இரண்டாவதில்தான். சாலையோர விளிம்பில் ஏறி இறங்குவது பற்றிய கேள்விக்கு, அப்படி ஒரு விளிம்பே இல்லாத தெருவில் வளர்ந்தவர் என்ன சொல்வார்? ஒற்றைப்படி ஏறி இறங்குவது என்று மாற்றலாமா என்பதைக் குழு முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். 'ஓரளவு சிரமம்', 'கொஞ்சம் சிரமம்' இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பார்கள். ஐந்து பதில்களையும் கலைத்துப்போட்டு வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். எல்லாரும் ஒரே வரிசையில் அடுக்கினால்தான் அந்தச் சொற்கள் வேலை செய்கின்றன.

ஏழாம் படி: மாற்றத்தைப் படிப்பது

ஆறு வாரப் பயிற்சி முடிந்தது. நம் வீராங்கனையை மறுபடி அளக்கிறோம். அதே தாள்கள், அதே கால், ஏறக்குறைய அதே அளவு ஆட்டம் இருந்த வாரம். கெய்ட் 18-லிருந்து 22. அன்றாடப் பகுதி 93.8-லிருந்து 97.5. விளையாட்டுப் பகுதி 32-க்கு 24, அதாவது 65.6-லிருந்து 75. டி.பி.ஏ 20-லிருந்து 13.

இதை எப்படிப் படிப்பது? இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, இந்த வேறுபாடு அளவீட்டின் தற்செயல் ஏற்ற இறக்கத்தைத் தாண்டியதா. மற்றொன்று, நோயாளி தனக்கு முக்கியம் என்று உணரும் அளவுக்கு இருக்கிறதா. ஃபாமை உருவாக்கியபோது கணக்கிட்டதில் அன்றாடப் பகுதிக்கு முதல் எல்லை 5.7, இரண்டாவது 8. விளையாட்டுப் பகுதிக்கு முதலாவது 12.3, இரண்டாவது 9.

விளையாட்டுப் பகுதியில் நம் வீராங்கனை 9.4 ஏறியிருக்கிறார். முக்கியம் என்று உணரும் 9-ஐத் தாண்டிவிட்டார், தற்செயலைத் தாண்டும் 12.3-ஐத் தாண்டவில்லை. இது விசித்திரமாகத் தோன்றினாலும் எட்டுக் கேள்வியே உள்ள அளவுகோலில் எதிர்பார்க்க வேண்டியதுதான். ஒரு கேள்வியில் ஒரு படி மாறினால் 3.1 சதவீதம் மாறுகிறது. மூன்று படி மாறினால் 9.4, நான்கு படி மாறினால் 12.5. ஒரே ஒரு கட்டத்தைத் தள்ளிக் குறித்தால் முடிவு மாறுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் நான் எழுதுவது: "முன்னேற்றம் தெரிகிறது, உறுதி இல்லை, மற்ற அளவீடுகளோடு சேர்த்துப் பார்க்கவும், மூன்று வாரத்தில் திரும்ப அளக்கவும்." கெய்ட்டில் 3 அல்லது அதற்கு மேற்பட்ட மாற்றம் பொருட்படுத்தத்தக்கது, அவருக்கு 4 வந்திருக்கிறது. டி.பி.ஏ-வில் நாள்பட்ட காயத்துக்கு 6 குறைந்தால் முக்கியமான மாற்றம், அவருக்கு 7 குறைந்திருக்கிறது. மூன்றும் ஒரே திசையைக் காட்டுவதால் முன்னேற்றத்தை நம்பலாம்.

அன்றாடப் பகுதி 3.7 மட்டுமே ஏறியிருக்கிறது. "பலன் இல்லை" என்று எழுதுமுன் நின்று யோசியுங்கள். தொடக்கமே 93.8. உச்சம் 100. மீதியிருப்பது 6.2. முக்கியமான மாற்றம் என்று சொல்ல 8 ஏற வேண்டும். எவ்வளவு அருமையான சிகிச்சை கொடுத்தாலும் அவரால் அந்த 8-ஐக் காட்டவே முடியாது. கூரையில் தலை இடிக்கும் இந்தச் சிக்கலைப் பார்க்காமல், ஓடியாடுபவர்களின் குழுவில் அன்றாடப் பகுதியை முதன்மை விளைவாக வைத்துவிட்டு, பயிற்சியால் பயனில்லை என்று முடிவு எழுதுவது அநியாயம்.

ஃபாமின் இந்த எல்லைகள் பாதம், கணுக்கால் பிரச்சினைக்காகப் பொதுவாக இயன்முறை சிகிச்சைக்கு வந்தவர்களிடம், 4 வார இடைவெளியில் கணக்கிடப்பட்டவை. உங்கள் கபடி அணிக்கு அப்படியே பொருந்தும் என்ற கட்டாயம் இல்லை. முடிந்தால் சொந்தமாகக் கணக்கிடுங்கள். சிகிச்சை எதுவும் இல்லாத ஒரு வார இடைவெளியில் ஒரே குழுவை இருமுறை அளந்து, அளவீட்டின் திட்டப் பிழையைக் கண்டுபிடித்து, அதை 2.77-ஆல் பெருக்கினால் 95 சதவீத நம்பிக்கையோடு தற்செயலைத் தாண்டும் எல்லை கிடைக்கும்.

எட்டாம் படி: எண்ணோடு திரும்பப் பேசுவது

மாறிய கேள்விகளையும் மாறாத கேள்விகளையும் அவர் முன் விரித்து வையுங்கள். நம் வீராங்கனையின் தாளில் தாவுவது 2-லிருந்து 3 ஆகியிருந்தது. தரையில் இறங்குவதும் 2-லிருந்து 3. விரும்பும் நேரம் வரை ஆடுவதும் ஒரு படி ஏறியிருந்தது. 'வழக்கமான நுட்பத்தோடு' என்ற கேள்வி மட்டும் 1-லேயே நின்றது.

"இது மட்டும் ஏன்மா அப்படியே இருக்கு?"

"வலது கால்ல இறங்கலாம்னு தெரியுது சார். ஆனா மேல போனதும் தானா இடது காலு வந்துடுது."

அடுத்த ஆறு வாரத்தின் திட்டம் இந்த ஒரு பதிலில் இருக்கிறது. தசை வலுவும் சமநிலையும் ஓரளவு வந்துவிட்டன. இனி தாழ்வான பெட்டியிலிருந்து வலது காலில் இறங்குவது, பிறகு பந்து இல்லாமல் பிளாக், பிறகு பந்தோடு, அப்புறம் எதிரில் ஆள் நிற்க. இந்தத் தாளின் மேல் தேதி, வலது கால், அந்த வாரம் ஆடிய மணி நேரம், டேப் ஒட்டினாரா என்று எழுதிக் கோப்பில் வைத்துவிட்டு, அடுத்த அளவீட்டுக்கு நாள் குறித்துக்கொடுத்தேன்.